வளையத்தின் பூட்டு

வெள்ளகோவிலுக்குக் கிழக்கே கரூர் சாலையை விட்டு உள்ளே போனால் ஒரு சிறிய தொழிற்பேட்டை வரும். ஒன்பது பேர் சங்கம் வைத்து உண்டாக்கியது. மின்வாரியம் பேட்டை வாசலில் ஒரே இடத்தில் மின்சாரத்தைக் கொடுத்துவிடும். அங்கிருந்து ஒன்பது கூடங்களுக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது சங்கத்தின் வேலை. சங்கத் தலைவர் கிருபாசங்கர். வாசலை ஒட்டிய முதல் கூடமான நூற்பாலை அவனுடையது. கோடியில் இருக்கும் கடைசிக் கூடம் அவன் அக்கா ராசாத்தாளின் கோழிக்குஞ்சுப் பொரிப்பகம்.

அக்காவும் தம்பியும் ஏழு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. ஜெனரேட்டர் விஷயத்தில் ஏதோ மனத்தாங்கல் என்று ஊரில் சொல்வார்கள். கிருபாசங்கரும் அப்படித்தான் நினைத்திருந்தான். உண்மைக் காரணம் ராசாத்தாளுக்கும் பேட்டையின் எலக்ட்ரீஷியன் சீனிவாசலுவுக்கும் மட்டும் தெரியும்.

ஏழு வருடத்துக்கு முன்பு, ஒரு சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. பொரிப்பகத்தில் முப்பதாயிரம் முட்டைகள் இருபதாம் நாளில் இருந்தன. மறுநாள் குஞ்சுகள் வெளியே வர வேண்டும். சில முட்டைகளில் குஞ்சுகள் ஓட்டைக் கொத்தத் தொடங்கியிருந்தன. முட்டை பொரிக்கும் பெட்டியின் கதவில் காதை வைத்தால் உள்ளே கிச்சுக்கிச்சென்று சத்தம் கேட்கும். காலை பத்து மணிக்கு மின்சாரம் போனது. ராசாத்தாள் ஜெனரேட்டரை ஓட்டினாள். ஐந்து மணி நேரம் ஓடிய ஜெனரேட்டர், சூடேறி நின்றுவிட்டது. மெக்கானிக் காங்கேயத்திலிருந்து வர வேண்டும். காற்றாடி நின்ற பெட்டிக்குள் வெக்கை ஏறியது. அவளும் அவள் கணவன் சுப்பண்ணனும் கதவுகளைத் திறந்துவைத்து, அட்டையால் விசிறினார்கள். தம்பிக்குப் போன் செய்தபடியே இருந்தாள்.

"லைன்ல பால்ட்டுக்கா. ஆளுங்க பாத்துட்டிருக்கறாங்க" என்று முதலில் இரண்டு தடவை சொன்னான். அதற்குப் பிறகு அவன் எடுக்கவில்லை.

மின்சாரம் ஏழு மணிக்கு வந்தது. அதற்கு ஒரு மணி நேரம் முன்பே பெட்டிகளில் சத்தம் அடங்கியிருந்தது. மூன்று நாள் அவளும் வேலைக்காரப் பெண்களும் தட்டுத் தட்டாகக் கவிழ்த்துக் குழியில் கொட்டினார்கள். ஓட்டுக்கு வெளியே அலகை மட்டும் நீட்டியபடி செத்திருந்தவைதான் அதிகம். அடுத்த சங்கக் கூட்டத்தில் அவள் கேள்வி கேட்டபோது கிருபாசங்கர் எல்லோர் முன்னாலும் சொன்னான்: "கடைசியில இருக்கறவிய ஜெனரேட்டர ஒழுங்கா வெச்சுக்கோணும். அக்கா வெச்சுக்கல. அதுக்குச் சங்கம் என்ன பண்ணும்?" அது அப்படியே கூட்டக் குறிப்பிலும் ஏறியது.

நாலு மாதம் கழித்து மோட்டார் பழுது பார்க்க வந்த சீனிவாசலு, வேலை முடிந்தும் போகாமல் நின்றான்.

"அம்மா, ஒண்ணு சொல்லோணுமுங்க. அன்னிக்கு பால்ட்டு ஒண்ணுமே இல்லீங்க."

ராசாத்தாள் கையைத் துடைத்துக்கொண்டே அவனைப் பார்த்தாள்.

"வெயில்ல டிரான்ஸ்பார்மர் லோடு தாங்கலீங்க. தலைவருக்கு அன்னிக்கு ஆர்டர் முடிச்சு லாரி ஏத்தோணும். ஏழு, எட்டு ரெண்டு கூடமும் லீவு. உங்குளுது ஒண்ணுதான் ஓடுச்சு. ஆறாம் கூடத்துக்கு அக்கட்டால லைனத் தொறந்து கரண்ட நிறுத்திப்போடுன்னாரு. நாந்தானுங்க கைப்பிடிய எறக்குனேன்."

"முட்டை இருக்குதுன்னு அவனுக்குத் தெரியுமா?"

"நான் சொன்னனுங்க. ஜெனரேட்டர் இருக்குதில்ல, ஓட்டிக்குவாங்கன்னாரு. அது நின்னுபோச்சுன்னு நீங்க போன் பண்ணுனதுக்கப்பறமும் கேட்டனுங்க. லாரி போகட்டும்னாரு."

அவள் கை துடைத்த துணியைக் கொடியில் போட்டாள். பிறகு சொன்னாள்: "நீ சொன்னது என்ற காதோட இருக்கட்டும். நீ போ."

தம்பியிடம் ஏன் கேட்கவில்லை என்று அவளே தன்னைக் கேட்டுக்கொண்டதுண்டு. கேட்டால் மறுப்பான், இல்லாவிட்டால் மன்னிப்புக் கேட்பான். கிருபாசங்கர் கல்யாணத்தில் உடன்பிறந்தவள் செய்யும் இணைச்சீர்ச் சடங்குக்கு நின்றவள் அவள். அவன் மன்னிப்புக் கேட்டுவிட்டால் உறவுக்காரர்கள் எல்லாம் கூடி அன்றைக்கே அவளைச் சிரிக்கவைத்து, இலை போட்டுச் சாப்பாடு போட்டுவிடுவார்கள். அவளுக்கு அது வேண்டியதில்லை. அந்த ஒன்பது மணி நேரம் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரிய வேண்டும். கணவனிடம்கூட அவள் சொல்லவில்லை. சுப்பண்ணன் யார் மேலும் கோபத்தை ஒரு வாரத்துக்கு மேல் வைத்திருக்கத் தெரியாத மனிதர்.

அவள் காத்திருந்தாள்.

ஏழாவது வருடத்துத் தை மாதம் பேட்டைக்கு ஒரு பெண் வந்தாள். பெயர் நித்யஸ்ரீ. கோயம்புத்தூர் பீளமேட்டில் மின் ஆலோசனை நிறுவனம் ஒன்றில் இன்ஜினியர். கிருபாசங்கர் பேட்டைக்குப் பின்னால் நிலம் வாங்கி, புதிதாக ஒரு பெரிய தறிக்கூடமும் பாவு நூலுக்குக் கஞ்சி போடும் சைசிங் பட்டறையும் கட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குத் துணி ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டுக் கம்பெனி, இரண்டு வழியிலிருந்து மின்சாரம் இருந்தால்தான் கையெழுத்துப் போடுவேன் என்றதாம். அதற்காகப் பேட்டையின் மின் அமைப்பு முழுவதையும் பார்த்து, எந்த விதமாக மாற்றலாம் என்று ஒப்பிட்டுச் சொல்ல அவள் வந்திருந்தாள்.

ஒரு வாரம் வெயிலில் டேப் பிடித்து அளந்தாள். ஒவ்வொரு கூடமாகப் போய், எந்த நேரத்தில் எவ்வளவு லோடு என்று குறித்தாள். பொரிப்பகத்துக்கு வந்தபோது ராசாத்தாள் மோர் கொடுத்தாள். "என்ன கண்ணு, எங்களையெல்லாம் என்ன பண்றதா உத்தேசம்?" என்றாள்.

நித்யஸ்ரீ நோட்டைத் திறந்து காட்டினாள். "இப்ப உங்களுக்கு இருக்கறது ரேடியலுங்கம்மா. ஒரே கேபிள், வாசல்ல கெளம்பி ஒவ்வொரு கூடமாத் தொட்டுட்டு உங்ககிட்ட வந்து முடிஞ்சிருது. செலவு கம்மி, பாத்துக்கறதும் சுலபம். ஆனா நடுவுல எங்க அறுந்தாலும் அதுக்கு இந்தப் பக்கம் இருக்கற எல்லாருக்கும் போயிரும். கடைசியில வோல்டேஜும் எறங்கும்."

"எங்க தென்னந்தோப்புச் சொட்டுநீர்க் கொழாய் மாதிரி. கடைசி மரத்துக்குத் தண்ணி சொட்டாது."

"அதேதானுங்க! அதுக்கு என்ன பண்ணுவீங்க?"

"கடைசிக் கொழாயக் கொண்டுபோயி மறுபடியும் மொதல் கொழாயோட சேத்துப்போடுவோம். ரெண்டு பக்கமும் தண்ணி வரும்."

நித்யஸ்ரீ சிரித்துவிட்டாள். "ரிங் அப்படீங்கறது அதுதானுங்கம்மா."

அன்றைக்கு இரண்டு மணி நேரம் அவர்கள் பேசினார்கள். இன்னும் இரண்டு வழிகளையும் நித்யஸ்ரீ சொன்னாள். ஒன்று, இரண்டு கேபிள்களைப் பக்கத்தில் பக்கத்தில் இழுப்பது. கேபிள் இரட்டிப்பாகும், ஆனால் இரண்டும் ஒரே குழிக்குள் கிடப்பதால் ஒரு ஜேசிபி தோண்டினால் இரண்டும் ஒன்றாகப் போய்விடும். இன்னொன்று, எல்லாக் கூடங்களையும் ஒன்றோடொன்று வலை மாதிரிப் பின்னுவது. பெரிய நகரங்களின் நடுவில் அப்படிச் செய்வார்கள். இந்தச் சின்னப் பேட்டைக்கு அது அதிகம், பாதுகாப்புக் கருவிகளைக் கவனிக்கவும் ஆள் கிடையாது. ஆகவே வளையம்தான் சரி.

"வளையம்னா எப்பவும் மூடியே இருக்குமா?" என்று கேட்டாள் ராசாத்தாள்.

"இல்லீங்க. நம்ம மாதிரி எடத்துல ஒரு எடத்துல மட்டும் தொறந்து வெச்சிருப்போம். அந்தப் பக்கம் பாதி, இந்தப் பக்கம் பாதியா ஓடும். ஏதாவது ஒரு பக்கம் கேபிள் அறுந்தா, அறுந்த துண்ட மட்டும் தனியாக் கழட்டிட்டு, தொறந்து வெச்ச சுவிட்ச மூடுவோம். அந்தப் பக்கத்துக்கு இந்தப் பக்கத்துல இருந்து கரண்ட் போயிரும். பத்து நிமிஷ வேலை."

"தொறந்து வெக்கற எடம் எது?"

"ரெண்டு பக்கமும் லோடு சமமாப் பிரியற எடம். கணக்குப் போட்டுப் பாத்தேன். ஒன்பது கூடமும் ஒரு பக்கம். பின்னாடி ரோட்டுல வர்ற புதுத் தறிக்கூடமும், சங்கத்துல புதுசாச் சேர்ந்த நஸ்ரியாக்கா ஐஸ்கிரீம் யூனிட்டும் ஒரு பக்கம். ரெண்டும் சேர்ற எடம்..." பென்சிலைத் தாளில் வைத்தாள். "இங்க. உங்க பின்பக்கச் சுவர்."

ராசாத்தாள் அந்தப் பென்சில் முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேற வழியே இல்லியா கண்ணு, வளையம் வர்றதுக்கு?"

"வடக்க வாய்க்கால் கரை, கவருமென்ட் எடம். பர்மிஷன் வாங்கவே ஒரு வருஷம் ஆகும். உங்க எடத்துல நாப்பது மீட்டர் கேபிள் போனாத்தானுங்க வளையம் முழுசாகும். அதான் உங்ககிட்ட எப்படிக் கேக்கறதுன்னு தலைவர் சார் யோசிச்சிட்டிருக்காரு."

"யோசிக்கட்டும்" என்றாள் ராசாத்தாள். "நீ அந்தத் தாள எனக்கொரு காப்பி குடுத்துட்டுப் போ."

சங்கக் கூட்டத்தில் நித்யஸ்ரீ நாலு விதங்களையும் சுவரில் படம் போட்டுக் காட்டினாள். ஒவ்வொன்றிலும் கேபிள் எவ்வளவு போகும், ஒரு இடத்தில் பழுதானால் எத்தனை பேருக்கு மின்சாரம் போகும், திரும்பி வர எத்தனை நேரமாகும் என்று நிதானமாகச் சொன்னாள். கடைசியில் எல்லோரும் வளையம் என்று கை தூக்கினார்கள். பிறகு எல்லோரும் ராசாத்தாளைப் பார்த்தார்கள்.

அவள் தம்பியைப் பார்க்காமல் செயலாளரிடம் பேசினாள். "எடம் குடுக்கறனுங்க. வாடகை வேண்டாம். ஒரே ஒரு கண்டிசன். சுவிட்ச்சுப் பெட்டி என்ற சுவத்துக்குள்ளதான் நிக்குது. என்ற ஊட்டுக்குள்ள நெனச்ச நேரத்துக்கு ஆளுங்க வந்து போறது செரிப்படாது. பெட்டிக்கு நான் பூட்டுப் போடுவேன். சாவி எங்கிட்ட இருக்கோணும். நான் தொறந்து உட்டப்பறம் சீனிவாசலு உள்ள வந்து சுவிட்சப் போடட்டும்."

கிருபாசங்கரின் முகம் மலர்ந்தது. வாடகையும் வேண்டாம் என்றது அவனுக்கே நம்பக் கொஞ்ச நேரம் பிடித்தது. அக்கா இறங்கி வருகிறாள் என்று எடுத்துக்கொண்டான்.

"சார், கையால போடற சுவிட்ச் வேண்டாம்" என்றாள் நித்யஸ்ரீ. "தானா மூடிக்கற மாதிரி வெச்சிடலாம். சாவியே தேவைப்படாது."

"அது வர்றதுக்கு எத்தன நாளாகுமுங்க?" என்று கேட்டான் கிருபாசங்கர்.

"அஞ்சு மாசம் ஆகும்."

"எனக்கு மூணு மாசத்துல கம்பெனிக்காரன் பாக்க வாரானுங்க. கையால போடறதே போதும்."

"அப்படீன்னா ஒப்பந்தத்துல எத்தன நிமிஷத்துக்குள்ள தொறந்து விடணும்னாவது எழுதிக்கலாம் சார்."

கிருபாசங்கர் கையை வீசிச் சிரித்தான். "அக்கா தம்பிக்குள்ள அதெல்லாம் எதுக்குங்க அம்மணி?"

ராசாத்தாள் தலை குனிந்து தாளில் கையெழுத்துப் போட்டாள்.

வைகாசியில் வேலை முடிந்தது. கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். கிருபாசங்கர் தன் பெரிய ஜெனரேட்டரைக் கரூரில் ஒருவருக்கு விற்றுவிட்டான். "ரெண்டு வழி வந்தாச்சு, அது எதுக்குச் சும்மா துருப்புடிக்கோணும்?" என்று டீக்கடையில் சொன்னானாம். ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு மட்டும் சின்னது ஒன்று வைத்துக்கொண்டான். சுப்பண்ணன் வந்து இதைச் சொன்னபோது ராசாத்தாள் முட்டைத் தட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணிக்கை தப்பிவிட்டது. மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

ஆடி மாதம், காற்று மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்த ஒரு புதன்கிழமை, பின்பக்க ரோட்டில் குடிநீர்க் குழாய்க்குத் தோண்டிய ஜேசிபி, தறிக்கூடத்துக்கு வரும் கேபிளைக் கடித்து எடுத்துவிட்டது. மணி பத்து. தறிகள் நின்றன. கஞ்சித் தொட்டிக்குள்ளும் சூடான உருளைகள் மேலும் பாவு நூல் அப்படியே நின்றது. சைசிங்கில் அதுதான் பெரிய ஆபத்து. கால் மணி நேரம் நின்றால் பரவாயில்லை. ஒரு மணி நேரம் நின்றால் கஞ்சி இறுகி நூலெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதற்கும் மேலே போனால் கட்டையாகிவிடும்.

சீனிவாசலு அறுந்த துண்டைத் தனியாகக் கழற்றிவிட்டு இருபது நிமிடத்தில் பொரிப்பகத்து வாசலுக்கு ஓடி வந்தான். காற்றில் அவன் சட்டை பலூனாக உப்பியிருந்தது.

"அம்மா, சாவிங்க."

"வா சீனிவாசலு. உக்காரு. டீ குடி."

"இல்லீங்கம்மா, சைசிங் ஓடிட்டிருந்துச்சு..."

"உக்காருன்னேன்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். மெல்லப் போய் மரத்தடி ஸ்டூலில் உட்கார்ந்தான்.

அவள் அடுத்துச் செய்த வேலை, தன் இரண்டு ஜெனரேட்டர்களில் ஒன்றை டிராக்டரில் ஏற்றி நஸ்ரியாவின் ஐஸ்கிரீம் கூடத்துக்கு அனுப்பியது. அன்றைக்குக் கேபிள் அறுபடும் என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் ஜெனரேட்டரைத் தூக்கிவைக்கச் சங்கிலி, மாட்டிவிட வயர், வயரின் நீளம், எல்லாவற்றையும் அவள் இரண்டு மாதத்துக்கு முன்பே பார்த்து வைத்திருந்தாள். நஸ்ரியா போனில் கூப்பிட்டாள்.

"அக்கா, என்னக்கா இது? சுவிட்ச் போட்டா முடிஞ்சுதே. எதுக்கு ஜெனரேட்டர்?"

"இன்னிக்குச் சுவிட்ச்சு பொறவுதான் போடுவேன் நஸ்ரியா. உனக்கும் எனக்கும் ஒரு வழக்கும் இல்ல. உன்ற பொருள் உருகக் கூடாது. ஓட்டிக்க."

நஸ்ரியா போனை வைத்துவிட்டாள்.

கிருபாசங்கரின் அழைப்பு ஏழு வருடத்தில் முதல் தடவையாக அவள் போனில் வந்தது. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. அவள் அதை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு, பெட்டிகளின் சூட்டுமானியைப் பார்க்கப் போனாள்.

பதினொன்றரைக்கு அவனே கார் எடுத்துக்கொண்டு வந்தான். கேட் பூட்டியிருந்தது.

"அக்கா! என்னக்கா வெளையாட்டு இது? சாவியக் குடு."

அவள் கேட்டுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றாள். "எதுக்கு?"

"எதுக்கா? உள்ள பாவு ஒட்டுது! ஆறு பீம் பாவு தொங்குது! வெள்ளிக்கெழமை ஏத்தோணும்!"

"பால்ட்டா இருக்கும். ஆளுங்க பாத்துட்டிருப்பாங்க."

அவள் அந்த வார்த்தைகளை எங்கேயிருந்து எடுத்தாள் என்று அவனுக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. மரத்தடியில் உட்கார்ந்திருந்த சீனிவாசலுவைப் பார்த்தான். சீனிவாசலு எழுந்து நின்றான். ஆனால் கண்ணைத் தாழ்த்தவில்லை.

"அக்கா, அது அப்ப..."

"எல்லாரையும் வரச் சொல்லு. எல்லாரு முன்னாலயும்தான் என்னைப் பத்திச் சொன்ன. எல்லாரு முன்னாலயும் இதயும் சொல்லு."

"போலீசக் கூப்புடுவேன்."

"கூப்புடு. ஒப்பந்தம் எங்கிட்டயும் இருக்குது. நேரம் எழுதச் சொன்னா அந்தப் புள்ள. எதுக்குங்க அம்மணின்னு சொன்னது நீ."

அவன் காரில் ஏறிக் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனான். ஒரு மணிக்குத் திரும்பி வந்தபோது சங்கத்தில் ஆறு பேர் அவனோடு வந்தார்கள். சட்டையில் கஞ்சிக் கறை இருந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். செயலாளர், "ஏனுங்க, பெரியவிய நீங்க, இப்படிப் பண்ணலாமுங்களா?" என்றார். ராசாத்தாள் பதில் சொல்லாமல் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிருபாசங்கர் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி சொன்னான். "அன்னிக்கு பால்ட்டு இல்ல. நான்தான் தொறக்கச் சொன்னேன். எனக்கு லாரி போகோணும். முட்டை சாகும்னு தெரியும். தெரிஞ்சுதான் போன எடுக்கல." சட்டையில் இருந்த கஞ்சிக் கறையைத் தேய்த்தான். "அக்காகிட்ட ஜெனரேட்டர் செரியில்லைன்னு குறிப்புல எழுதுனதும் நான் சொல்லித்தான். போதுமா? இப்பச் சாவியக் குடு."

காற்று தகரக் கூரையை உலுக்கியது. பின்னால் நின்றிருந்த சுப்பண்ணன் முன்னால் வந்தார். அவருக்கு அப்போதுதான் எல்லாம் தெரிந்தது.

"இதென்ன மாப்ள..." என்றார்.

செயலாளர் பெருமூச்சு விட்டார். "சொல்லிப்போட்டாரு அம்மா. தொறந்து உட்ருங்க."

"சொன்னது செரி" என்றாள் ராசாத்தாள். "ஆனா எனக்குப் பத்து மணிக்குப் போயி ஏழு மணிக்கு வந்துச்சு. இப்ப மணி ஒண்ணுதான் ஆகுது."

கிருபாசங்கர் நிமிர்ந்து பார்த்தான். "அக்கா!"

"கூப்புட்டுக்கிட்டே இரு. நானும் கூப்புட்டேன்."

அவள் திரும்பி உள்ளே நடந்தாள். முதுகுக்குப் பின்னால் அவன் கத்துவதும், மற்றவர்கள் அவனைப் பிடித்து இழுப்பதும் கேட்டது. அவள் உள்ளே போய் ஒரு செம்புத் தண்ணீர் குடித்தாள். உடம்பெல்லாம் லேசாக இருந்தது. ஏழு வருடத்தில் அப்படி ஒரு மதியம் அவளுக்கு வாய்த்ததில்லை.

சுப்பண்ணன் பின்னாலேயே வந்தார். சாவி அவள் இடுப்பில் இருந்தது. அவர் கையை நீட்டினார்.

"குடு ராசாத்தா. போதும் உட்டுப்போடு. ஒத்துக்கிட்டானே."

"உங்குளுக்கும் எனக்குந்தான் அன்னிக்குக் கை வலிச்சுது. நீங்க மறந்துபோட்டீங்க. அது உங்க கொணம். எனக்கு மறக்கல."

அவர் நீட்டிய கையை இறக்கினார். பிறகு சமையலறைக்குப் போய் ஒரு தூக்குப்போசியில் டீயை ஊற்றிக்கொண்டு வெளியே போனார். கேட்டைத் தாண்டி, வேப்ப மரத்தடியில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்த மச்சினனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். சாயங்காலம் வரை அங்கேயே இருந்தார். ராசாத்தாள் அதை ஜன்னல் வழியாக ஒரு தடவை பார்த்துவிட்டு, பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.

மூன்று மணிக்கு நித்யஸ்ரீ போன் செய்தாள். யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

"அம்மா, நான் அந்தச் சுவிட்ச அங்க வெச்சது இதுக்கில்லீங்க."

"தெரியும் கண்ணு."

"எந்தப் பக்கம் அறுந்தாலும் யாரும் இருட்டுல இருக்கக் கூடாதுன்னுதான் வெச்சேன்."

"எனக்கு அது அன்னிக்கு இருந்திருந்தா, இன்னிக்கு நான் இப்படிப் பண்ணியிருக்க மாட்டேன்."

"நான் உங்க மேல ரொம்ப மரியாதை வெச்சிருந்தேன்" என்று சொல்லிவிட்டு நித்யஸ்ரீ வைத்துவிட்டாள். அது மட்டும் ராசாத்தாளுக்குக் கொஞ்சம் உறைத்தது. ஆனால் சாவியை எடுக்கவில்லை.

ஏழு மணிக்குக் கேட்டைத் திறந்தாள். பெட்டியின் பூட்டையும் திறந்தாள். சீனிவாசலு ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு கைப்பிடியை ஏற்றினான். பின்பக்க ரோட்டில் தறிக்கூடத்தின் விளக்குகள் எரிந்தன. கிருபாசங்கர் யாரையும் பார்க்காமல் அந்த வெளிச்சத்தை நோக்கி நடந்தே போனான். காரைக்கூட எடுக்கவில்லை.

பாவு சுற்றும் ஆறு பீம்களும் வீணாயின. வெள்ளிக்கிழமை ஏற்ற வேண்டிய சரக்கு ஏறவில்லை. கம்பெனிக்காரர்கள் அடுத்த ஆர்டரைப் பல்லடத்துக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த கூட்டத்தில் கிருபாசங்கர் தலைவர் பதவியிலிருந்து விலகிக்கொண்டான். பழைய கூட்டக் குறிப்பில் ராசாத்தாளைப் பற்றி எழுதியிருந்ததை அடித்துவிட்டு, உண்மையை எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அதை அவள் வாங்கி இரண்டு தடவை படித்தாள்.

ஆனால் அதற்கெல்லாம் முன்பே, அந்த வார ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அவளைப் பொன்னாத்தாள் பார்த்தாள். சைசிங் பட்டறையில் வேலை செய்கிறவள். ஒரு காலத்தில் பொரிப்பகத்திலும் இருந்தவள். செத்த குஞ்சுகளை ராசாத்தாளோடு சேர்ந்து குழியில் கொட்டியவள். அவள் இரண்டு கைகளிலும் விரல் விரலாகத் துணி சுற்றியிருந்தாள்.

"என்ன ஆச்சு பொன்னாத்தா?"

"கட்டையாப்போன நூல உருளையில இருந்து பிளேடு வெச்சு அறுத்து எடுத்தோமுங்க. மூணு நாளு, எட்டுப் பேரு." பொன்னாத்தாள் கோபமாகச் சொல்லவில்லை. "உங்க தம்பி கைல ஒண்ணும் ஆகலீங்க. நல்லா இருக்கறாரு."

நஸ்ரியாவின் ஐஸ்கிரீமைப் பற்றி யோசித்த ராசாத்தாள், உருளையில் ஒட்டிய நூலை யார் எடுப்பார்கள் என்று யோசிக்கவில்லை. தக்காளி வாங்காமல் வீட்டுக்குத் திரும்பினாள். மறுநாள் மருந்தும் துணியும் வாங்கிக்கொண்டு பொன்னாத்தாள் வீட்டுக்குப் போனாள். பொன்னாத்தாள் வாங்கிக்கொண்டாள், உள்ளே வரச் சொன்னாள், உட்காரப் பாய் போட்டாள். எட்டுப் பேர் வீட்டுக்கும் ராசாத்தாள் அப்படிப் போனாள். இரண்டு வீட்டில் கதவு திறக்கவில்லை.

புதுத் தலைவர் நஸ்ரியா. தானாக மூடிக்கொள்ளும் சுவிட்ச் வைக்க வேண்டும் என்று அவள் தீர்மானம் கொண்டுவந்தபோது முதலில் கை தூக்கியவள் ராசாத்தாள்தான். மார்கழியில் அது வந்து சேர்ந்தது. மாட்டிக் கொடுக்க நித்யஸ்ரீ வந்தாள். வேலை முடிகிற வரைக்கும் அவள் வேலையைத் தவிர எதுவும் பேசவில்லை. மோரை மட்டும் மறுக்காமல் குடித்தாள். கிளம்பும்போது கேட்டாள்:

"வருத்தப்படறீங்களாம்மா?"

"அவனுக்குப் பண்ணுனதுக்கு இல்ல கண்ணு. அதுல எனக்கு இன்னும் சந்தோசந்தான், பொய் சொல்ல மாட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "பொன்னாத்தாளுக்கு ரெண்டு வெரலு இன்னும் மடங்கறதில்ல" என்றாள்.

நித்யஸ்ரீ தலையசைத்துவிட்டுப் போனாள்.

தையில் ஒரு நாள் காலை ராசாத்தாளின் போன் அடித்தது. கிருபாசங்கர். அவள் எடுத்தாள்.

"அக்கா, எங்க தறிக்கூடத்துல ஒரு பிரேக்கர் மாத்தோணுமுங்க. நாளைக்குப் பத்து மணிக்குக் கால் மணி நேரம் உங்க பக்கமும் சேத்து நிறுத்த வேண்டி வருது. நிறுத்தலாமுங்களா?"

சின்ன வயதிலிருந்து அவன் அவளை 'ங்க' போட்டுக் கூப்பிட்டதில்லை. அவள் சுவரில் தொங்கிய அட்டவணையைப் பார்த்தாள்.

"பத்துக்கு வேண்டாம். பத்தொம்பதாம் நாள் முட்டை தட்டு மாத்தறோம். பதினொண்ணரைக்கு நிறுத்து."

"செரிங்கக்கா. பதினொண்ணரைக்கு."

"கால் மணி நேரம்னா கால் மணி நேரம்."

"ஆமாங்க" என்றான் அவன்.